சென்சாரும் வேப்பிலையும்

கடல் தாண்டினால்தான் வெளிநாடு என்று யார் சொன்னது? தென்காசிக்காரன் உளுந்தூர்பேட்டையில் இறங்கினாலே போதும். பாஷை மாறிவிடும், சட்னி மாறிவிடும், பஸ் ஹாரனின் சுருதிகூட மாறிவிடும். நெடுஞ்சாலை ஓரத்துக் கடையில் லாரி டிரைவர்களுக்கு நடுவே இடம் பிடித்து உட்கார்ந்தேன். பரிமாறுகிறவர் வந்து, "இன்னா சாப்புட்றீங்க சார்? பொங்கல் சூடா இருக்குது" என்றார். பொங்கலும் வடையும் சொன்னேன். பொங்கலில் நெய் மிதந்தது. எங்கள் ஊரில் நெய்யைக் காட்டிவிட்டு எடுத்துக்கொள்வார்கள்.

இரண்டாவது வடையில் கை வைத்தபோது போன் அடித்தது. தென்காசியில் எங்கள் வீட்டு அடுக்களையிலிருந்து என் மனைவி செண்பகம்.

"என்ன தின்னுட்டு இருக்கீய?"

"இட்லி."

"இட்லிக்குக் கோடு இப்படி ஏறாது" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

கோடு என்பது என் சர்க்கரைக் கோடு. என் மேல்கையின் பின்பக்கம் வட்டமாக, வெள்ளையாக ஒரு சென்சார் ஒட்டியிருக்கிறது. மயிரிழை போன்ற அதன் கம்பி தோலுக்கு அடியில் இருந்துகொண்டு சர்க்கரை எவ்வளவு என்று என் போனுக்குச் சொல்லும். போன் அதை உடனே செண்பகத்திடம் சொல்லும். என் ரத்தத்துக்கும் அவளுக்கும் நடுவில் நான் இப்போது வெறும் தபால்காரன். கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்கு முன்னால் அவள் படித்துவிடுகிறாள்.

அவளைக் குறை சொல்ல முடியாது. நான் பல வருஷமாக இன்சுலின் போடுகிறவன். சர்க்கரை இறங்கினால் மற்றவர்களுக்குக் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், சுதாரித்துக்கொண்டு ஒரு மிட்டாயை வாயில் போட்டுக்கொள்வார்கள். எனக்கு உடம்புக்குள் இருக்கும் அந்த எச்சரிக்கை மணி பழுதாகிவிட்டது. ஒரு தடவை வெளியூர் லாட்ஜில் கதவைப் பூட்டிக்கொண்டு மயங்கிக் கிடந்தேன், கதவை உடைத்துத்தான் எடுத்தார்கள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஓர் ஒப்பந்தம். தனியாக எங்கே வேண்டுமானாலும் போகலாம், கையில் சென்சார் இருக்கவேண்டும், அவள் போனில் கோடு ஓடவேண்டும். கோடு நின்றால் அடுத்த பஸ்ஸில் வீட்டுக்கு வரவேண்டும். அதோடு தனிப் பயணத்துக்கு முழுக்கு. பஸ் சத்தம் கேட்காவிட்டால் தூக்கம் வராத மனிதனுக்கு இதைவிடப் பெரிய மிரட்டல் கிடையாது.

சென்சார் மேல் எனக்குக் கோபம் இல்லை. அதை ஒட்டவைக்கும் பசைதான் எனக்கு எமன். ஒட்டி நாலைந்து நாளில் அரிப்பு தொடங்கும், பிறகு சிவக்கும், பிறகு பொடிப்பொடியாக நீர்க்கொப்புளம். கழற்றினால் தோலில் அச்சு அடித்த மாதிரி ஒரு வட்டம். எங்கள் டாக்டர் பார்த்துவிட்டு, "பசை உங்களுக்கு ஒத்துக்கலை. கையை மாத்தி மாத்தி ஒட்டுங்க, ஒட்டுற இடத்தில எண்ணெய் படவே கூடாது, புண்ணைக் காத்தாட விடுங்க, சொறியாதீங்க" என்றார். கடைசி மருந்தைத்தான் என்னால் சாப்பிட முடியவில்லை.

இந்தக் கையோடு கள்ளக்குறிச்சிக்கு ஏன் வந்தேன்? சாமை வாங்க. கல்வராயன் மலையில் கையால் குத்திய சாமையில் சோறு பொங்கினால் கோடு மலையேறாது என்று செண்பகம் ஏதோ வீடியோவில் பார்த்திருக்கிறாள். தென்காசிக் கடையிலும் சாமை கிடைக்கும். அதெல்லாம் போலி, மலைக்கே போய் வாங்கினால்தான் உண்டு என்று நான்தான் எடுத்துக் கொடுத்தேன். திருடன் கையில் சாவியைக் கொடுத்த கதைதான்.

கள்ளக்குறிச்சி பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. சாலை முழுக்கக் கரும்பு டிராக்டர்கள், எங்கள் பஸ் அவற்றின் வாலைப் பிடித்துக்கொண்டு ஊர்ந்தது. வலது கையை ஜன்னல் கம்பியில் அழுத்திச் சாய்ந்தவன் அப்படியே தூங்கிப்போனேன். போன் அலறியபோதுதான் விழித்தேன்.

"இன்னா சார் அலாரம்?" என்றார் பக்கத்து சீட்டுக்காரர். நைனார்பாளையத்து விவசாயியாம்.

"சர்க்கரை குறைஞ்சிட்டுன்னு சொல்லுது."

"கம்மியாயிடிச்சா? எங்க வூட்ல எல்லாருக்கும் ஜாஸ்தில்ல" என்று ஆச்சரியப்பட்டுக்கொண்டே பையைத் திறந்து ஒரு கடலை உருண்டையை என் கையில் திணித்தார். செய்தி பின்னால் பரவிற்று. ஒரு வாழைப்பழம் வந்தது. ஒரு தாய் தன் குழந்தை கையிலிருந்த பிஸ்கட்டைப் பிடுங்கி நீட்டினாள், குழந்தை வீறிட்டது. எல்லாவற்றையும் தின்றேன். தின்று முடித்த பிறகுதான் விரலைக் குத்திச் சோதித்துப் பார்த்தேன். சர்க்கரை இறங்கவே இல்லை. கையை அழுத்திப் படுத்தால் இந்தச் சென்சார் குறைத்துச் சொல்லும், டாக்டர் முன்பே எச்சரித்திருந்தார். பொய் அலாரம். மெய்யான கடலை உருண்டை.

கொஞ்ச நேரத்தில் செண்பகம். "அங்க என்னதான் பண்ணுதீய?"

"இந்தப் பக்கத்து ஜனங்க ரொம்ப அன்பானவங்க" என்றேன்.

லாட்ஜில் சட்டையைக் கழற்றிப் பார்த்தால் வலது கைச் சென்சாரின் ஓரம் தூக்கிக்கொண்டு, அடியில் நீர் கசிந்துகொண்டிருந்தது. அழுத்திச் சாய்ந்ததில் கொப்புளம் உடைந்திருக்கிறது. தேங்காய் எண்ணெய் தடவி மெதுவாக உரித்தேன். இதற்கு மட்டும்தான் எண்ணெய்க்கு அனுமதி. கழற்றிய நிமிஷமே போன்.

"கோடு நின்னுட்டு."

"வேற மாட்டப் போறேன் செண்பகம். பையில ஒண்ணு வெச்சிருக்கேன்."

"ஒண்ணுதான் இருக்குன்னு எனக்கும் தெரியும். பாத்து மாட்டுங்க."

இடது கையில் போன தடவை ஒட்டிய இடம் இன்னும் கறுத்துச் சொரசொரவென்று இருந்தது. அதற்கு மேலே கொஞ்சம் நல்ல தோல் மிச்சம். ஒட்டுவதற்கு முன் அங்கே ஒரு ஸ்பிரே அடிக்கும் வித்தையை டாக்டர் சொல்லியிருந்தார். அந்தக் குப்பியை வீட்டிலேயே மறந்து வைத்துவிட்டேன். கடைத்தெருவில் மருந்துக்கடையைத் தேடிப் போய்ச் சீட்டைக் காட்டினேன். கடைக்காரர் ஸ்பிரேயை எடுத்து வைத்தார்.

"மூக்கடைப்புங்களா சார்?"

"இல்ல, கையில அடிக்கணும்."

அவர் குப்பியைப் பார்த்தார், என் மூக்கைப் பார்த்தார், கையைப் பார்த்தார். "சார், இது மூக்குக்கு."

"தெரியும். தோல்ல அடிச்சுக் காயவிட்டு அதுக்கு மேல சென்சார் ஒட்டினா அரிப்பு குறையும்னு டாக்டர் சொன்னார். எல்லாருக்கும் கேக்காதாம், எனக்குக் கேக்குதான்னு பாக்கச் சொன்னார்."

இருமல் மருந்துக்கு நின்ற ஒருவர், "கைல அடிச்சா மூக்குக்குப் போயிடுங்களா?" என்று கவலையோடு கேட்டார். கடைக்காரர் அவரைப் பேசவிடவில்லை. "திரும்பிப் போறப்ப வந்து சொல்லிட்டுப் போங்க சார், ஒத்துக்கிச்சான்னு. எங்க தெருவுல ஒருத்தரு இதே மாரி சொறிஞ்சிக்கினு கீறாரு" என்றார்.

கையைக் கழுவி, துடைத்து, அடித்து, காயவிட்டு ஒட்டினேன். புதுச் சென்சார் கண் விழிக்கும்வரை செண்பகம் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள் என்பது கோடு வந்த பிறகு போனில் கேட்ட அவள் தட்டுச் சத்தத்தில் தெரிந்தது.

மறுநாள் காலையில் சந்தைப் பக்கம் ஒரு தானியக் கடையில் விசாரித்தேன். "எங்கிட்ட இருக்கறது மில்லுச் சாமைங்க. கையால குத்தனது வேணும்னா வெள்ளிமலை தாண்டி ஒரு ஊர்ல குப்பாயின்னு ஒரு அம்மா கீது. கேட்டுப் பாருங்க" என்றார் கடைக்காரர். மலைபஸ்ஸைப் பிடித்தேன்.

மூச்சு விட இடமில்லாத கூட்டம். புண்ணில் துணி உரசாமல் இருக்க வலது கைச் சட்டையைத் தோள்வரை சுருட்டிவிட்டிருந்தேன். டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டர் என் கையைப் பார்த்ததும் ஒரு எட்டு பின்வாங்கினார். அந்தக் கூட்டத்தில் பின்வாங்குவதற்கு இடம் எங்கிருந்து கிடைத்தது என்று தெரியவில்லை.

"இன்னா சார், அம்மை போட்டுக்கிதா?"

இல்லை, பசை ஒவ்வாமை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் மூன்று பேர் உட்காரும் சீட்டு காலியாகிவிட்டது. வளைவு வளைவான மலைப்பாதை. எனக்கோ முழங்கால் வலி. தலையை மட்டும் ஆட்டினேன்.

"அம்மாவுக்கு எடம் வுடுங்கப்பா" என்று குரல் கொடுத்தார் கண்டக்டர். அம்மா என்றது என்னைத்தான், என் மீசையையும் சேர்த்து. ராஜா மாதிரி மூன்று பேர் சீட்டில் பரவி உட்கார்ந்தேன். டிக்கெட்டைக் கையை முழுக்க நீட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டு கொடுத்தார். வடக்கனந்தலில் பஸ் நின்றபோது அறுபது வயசிருக்கும் ஓர் அம்மா இறங்கிப்போய், சாலையோர மரத்தில் வேப்பங்கொத்து ஒடித்துக்கொண்டு வந்து என் மடியில் வைத்தார். "வெயில் காலமே இன்னும் வரல, அதுக்குள்ள வந்துட்டியா தாயீ" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

மலை ஏற ஏற மரவள்ளித் தோட்டங்கள், கடுக்காய் மரங்கள், ஜன்னலில் குளிர்ந்த காற்று. குற்றாலத்துக் காற்றில் ஈரம் இருக்கும், இதில் புகை வாசம் இருந்தது. நான் வேப்பங்கொத்தால் விசிறிக்கொண்டு சுகமாக வந்தேன். நாலாவது வளைவிலேயே போனில் சிக்னல் செத்துப்போனது. கவனிக்கவில்லை.

வெள்ளிமலை தாண்டி இறங்கும்போதுதான் அந்த அம்மா கேட்டார். "யாரு வூட்டுக்கு வந்துகிற தாயீ?"

"குப்பாயின்னு..."

"நாந்தான்" என்றார். முகம் மலர்ந்துவிட்டது. "எங்கூட்டத் தேடி வந்துகிறா பாரு" என்று கூட இறங்கியவர்களிடம் சொன்னார்.

அப்போதே உண்மையைச் சொன்னேன். "இது அம்மை இல்லம்மா. பசை ஒத்துக்காம வந்த புண்ணு. சாமை வாங்கிட்டு அடுத்த பஸ்ல போயிருதேன்."

"அம்மாவைப் பசைன்னு சொல்லாத. கோவிச்சிக்குவா" என்று என் வாயைப் பொத்தாத குறையாக அடக்கினார். அம்மை கண்டவர் வீட்டில் இருக்கும்போது தானியம் அளந்து வெளியே கொடுக்க மாட்டார்களாம். மூன்று முறை தலைக்கு வேப்பிலைத் தண்ணீர் ஊற்றாமல் அவரை ஊரை விட்டு அனுப்பவும் மாட்டார்களாம். இறங்கிப் போகும் பஸ்ஸிலும் ஏற்றமாட்டேன் என்று கண்டக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். பொய்க்குக் கிடைத்த சீட்டு மேலே வருவதற்கு மட்டும்தான்.

மதியம் சோறு வடிக்கும் வாசனை வந்தது. வழக்கம்போல இன்சுலினைப் போட்டுக்கொண்டு இலைக்குக் காத்திருந்தேன். வந்தது ஒரு சொம்பு நீர்மோர். அம்மை கண்டவருக்குச் சோறும் குழம்பும் கூடாதாம், மோர் குடித்துப் படுத்துவிட்டு வெயில் தாழ்ந்ததும் கொஞ்சம் கூழ். என் சட்டையைக் கழற்றி வெளியே கொடியில் போட்டுவிட்டார்கள். சட்டைப்பையில்தான் மிட்டாய்கள். வேப்பிலை பரப்பிய பாயில் என்னைப் படுக்கவைத்து, "தூங்கும்மா" என்றார் குப்பாயி. கூழ் வரும்வரை மோர் தாங்கும் என்று நினைத்து, மீசை வைத்த அம்மா படுத்தேன்.

அலாரம் அடித்தது. இடது பக்கமாகப் படுத்திருந்தேன், புதுச் சென்சார் இருந்த பக்கம். நேற்று போலப் பொய் சொல்கிறது என்று அணைத்துவிட்டுத் திரும்பிப் படுத்தேன். மறுபடி அடித்தது. மறுபடி அணைத்தேன். மூன்றாவது தடவை போனில் இருந்த எண்ணை என்னால் படிக்க முடியவில்லை. எண் என்றால் என்ன என்பதே மறந்துவிட்டது. அதற்குப் பிறகு நடந்ததைக் குப்பாயி சொல்லித்தான் தெரியும்.

தொப்பலாக வேர்த்துவிட்டதாம். கண் செருகியதாம். புரியாத பாஷையில் பேசினேனாம். "ஏட்டி, வண்டிய நிப்பாட்டச் சொல்லு" என்றேனாம். அம்மாவே பேசுகிறாள் என்று குப்பாயி கையைக் கட்டிக்கொண்டு, "எதுனா கொற வெச்சிட்டமா தாயீ? இன்னா வேணும் சொல்லு" என்று கேட்டிருக்கிறார்.

"பரோட்டா" என்று தெளிவாகச் சொன்னேனாம்.

குப்பாயி குழம்பிப்போனார். அம்மனுக்குப் பரோட்டா படைத்து யாரும் கேள்விப்பட்டதில்லை. அம்மா குளிரவேண்டுமானால் பானகம்தான் என்று முடிவு செய்து, வெல்லத்தைத் தண்ணீரில் கரைத்து, எலுமிச்சை பிழிந்து, என் தலையைத் தூக்கிப் பிடித்து வாய் வாயாக ஊற்றினார். அது தொண்டைக்குள் இறங்கியது என் அதிர்ஷ்டம். அம்மைக்கென்று ஊற்றிய வெல்லத்தண்ணீர் போகவேண்டிய இடத்துக்குப் போனது. கொஞ்சம் கொஞ்சமாக எனக்குக் கூரை தெரிந்தது, பிறகு குப்பாயி முகம், பிறகு போனில் எண். இன்னும் அரை மணி யாரும் எட்டிப் பார்க்காமல் இருந்திருந்தால் இந்தக் கட்டுரையை எழுத ஆள் இருந்திருக்காது. பயந்துவிட்டேன். எழுந்து உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர் அதையும் அம்மாவின் கருணை என்று எடுத்துக்கொண்டார்.

அப்போதுதான் செண்பகம் நினைவு வந்தது. காலையிலிருந்து அவளுக்குக் கோடு இல்லை.

ஊரில் போன் பேச ஒரே இடம்தான், கொல்லைமேட்டுக்கு மேலே ஒரு பாறை. அதற்கு டவர் பாறை என்றே பேர். வெயில் தாழ்ந்ததும் குப்பாயி வேப்பங்கொத்தோடு முன்னால் நடக்க, நான் பின்னால் ஏறினேன். பாறை மேல் கால் வைத்ததும் போன் நிறுத்தாமல் துடித்தது. தவறிய அழைப்புகள், எல்லாம் ஒரே பேர். கூப்பிட்டேன்.

"உயிரோட இருக்கீயளா?" என்றாள். அவள் பின்னால் ஒரே இரைச்சல்.

"இருக்கேன். சிக்னல் இல்ல."

"இப்பத்தான் விட்டுப்போன கோடெல்லாம் வருது. இருங்க." கோட்டைப் பார்த்த பிறகு குரல் இறங்கிப் போயிருந்தது. "இவ்வளவு கீழயா போச்சு? யாரு தூக்குனா?"

"குப்பாயின்னு ஒரு அம்மா. பானகம் குடுத்தாங்க."

"அவங்ககிட்ட போனக் குடுங்க."

ஸ்பீக்கரில் போட்டுக் கொடுத்தேன். குப்பாயி போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "ஒங்க வூட்டுக்காரரு மேல அம்மா எறங்கிக்கிறாங்க, பயப்படாதம்மா" என்றார்.

"அம்மையும் இல்ல ஒண்ணும் இல்லம்மா. கையில சென்சார் ஒட்டுதாவள்லா, அந்தப் பசை இவுகளுக்கு ஒத்துக்கிடாது. வருஷம் பூரா இந்தப் புண்ணுதான். உங்ககிட்ட சொல்லலியா?"

குப்பாயி என்னைப் பார்த்தார். "பஸ்ல கேட்டப்ப தலைய ஆட்டிக்கினு சீட்ல உக்காந்துக்கினாரும்மா. மூணு பேரு சீட்டு."

"செய்யக்கூடியவுகதான்" என்றாள் செண்பகம்.

நான் சொன்னபோது நம்பாதவர், முகம் தெரியாத ஒருத்தி சொன்னதை அப்படியே நம்பினார். போனை என் கையில் வைத்தார். காலையிலிருந்து தாயீ, அம்மா என்றவர் இப்போது, "யோவ், எறங்காத. இங்கியே நில்லு" என்றார். "அம்மா பேரச் சொல்லி உக்காந்தவனுக்குத் தண்ணி ஊத்தாம வுட்டா ஊருக்கு ஆவாது." மஞ்சளும் வேப்பிலையும் கரைக்க விறுவிறு என்று கீழே போனார்.

"எங்க இருக்கே? ஒரே சத்தமா இருக்கு" என்றேன் செண்பகத்திடம்.

"திருச்சி பஸ் ஸ்டாண்டில."

"அங்க எதுக்கு?"

"கோடு நின்னுட்டு. வேற எதுக்கு?" என்றாள்.

மதுரைக்கு வடக்கே தனியாக வந்தவள் இல்லை அவள். யார் துணைக்கு வந்தார்கள் என்று கேட்டேன். யாரும் இல்லையாம். போர்டு பார்த்து, கேட்டுக் கேட்டு வந்திருக்கிறாள். திரும்பிப் போ, நானே வந்துவிடுகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன்.

"நீங்க கெடக்குற இடத்திலயே கெடங்க. ராத்திரி கள்ளக்குறிச்சியில இறங்கித் தங்கிட்டு, காலையில மேல வாரேன். சாமையை நானே பாத்து வாங்கிக்கிடுதேன். இன்னைக்குக் காலையில இருந்து ஜன்னல் சீட்டுதான். கண்ணு முன்னால ஊர் ஊராப் போகுது. பயந்துக்கிட்டேதான் வந்தேன், ஆனா நீங்க ஏன் இப்படி ஓடி ஓடிப் போறீயன்னு இப்பத்தான் தெரியுது. இனிமே நான் வீட்ல இருக்க மாட்டேன், பாத்துக்கிடுங்க."

"சரி" என்றேன்.

"கோடு மட்டும் ஓடட்டும். அதைப் பாத்துக்கிட்டே வாரேன்." பஸ் புறப்படும் சத்தத்தில் அவள் குரல் போயிற்று.

குப்பாயி குடத்தோடு ஏறி வந்து, நின்ற இடத்திலேயே தலையோடு கவிழ்த்தார். மலைத்தண்ணீர். பல்லெல்லாம் கிட்டித்தது. "எறங்கி வாய்யா, இப்பதான் சோறு போட்றேன்" என்றார். வரவில்லை என்றேன். கீழே போனால் கோடு நின்றுவிடும். அவள் கள்ளக்குறிச்சி வந்து சேரட்டும், அதுவரை இங்கேதான் இருப்பேன் என்றேன். அவர் திட்டவில்லை. போய்ச் சோற்றையும் ஒரு கம்பளியையும் என் சட்டையையும் பாறைக்கே கொண்டுவந்து வைத்துவிட்டு, துணைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

கம்பளியைப் போர்த்தியதும் புதுச் சென்சாரின் ஓரம் லேசாக அரிக்கத் தொடங்கியது. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டேன். இது கழன்றால் பெரம்பலூர்ப் பக்கம் இருட்டில் ஓடும் பஸ்ஸில் ஒருத்தி பயந்துபோவாள்.